மருந்தைத் தேர்ந்து பற்றும் அச்சுப் பொருள்

மடிநோய் கண்ட பசுவிற்குப் பெனிசிலின் ஏற்றினால், அதன் ஒரு பகுதி சில தினங்கள் வரை பாலிலும் இறங்குவதுண்டு. அப்பாலில் தயிர் செவ்வனே உறையாது; பெனிசிலின் ஒவ்வாதவர் அருந்தின் தீங்கும் நேரலாம். ஆனால் பாலில் மிகச் சொற்பமாய்க் கலந்த மருந்தைக் கண்ணாலும் நாவாலும் அறிதல் இயலாது. கொழுப்பு, புரதம் முதலியவற்றினின்றும் அதனைப் பிரித்தெடுத்தாற் சோதனை துல்லியமாகும். இதற்கு உதவும் ஒருவகைப் பாலிமரைக் குறித்து ஈண்டுக் கூறுவோம்.

ஈரக் களிமண்ணில் ஆமணக்கு வித்தொன்றை அழுத்தி, மண் உலர்ந்தபின் எடுத்துவிட்டால், அவ்வித்தின் வடிவாகிய குழி நிற்கும். அதில் ஆமணக்கு வித்து அமையும், நிலக்கடலை அமையாது. இப்பாலிமரின் தத்துவமும் இதுவே.

பிடிக்க வேண்டிய மருந்தை ஒரு திரவத்திற் கரைத்து, மெத்தக்ரிலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்ப்பர். இவை மருந்தின் தக்க இடங்களில் ஒட்டி நிற்கும். பின்னர் இவற்றைக் குறுக்கே பிணைக்கும் வேறொரு பொருளை மிகுதியாய்ச் சேர்த்துக் கெட்டிப்படுத்துவர். கெட்டியானதைப் பொடித்துச் சலித்து, மருந்து நீங்குமட்டும் கழுவினால், அம்மருந்திற்கே பொருந்திய குழிகள் எஞ்சும்.

சுவீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிளாஸ் மோஸ்பாக் குழுவினர் 1993-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். தியோபிலின் என்னும் இழுப்பு நோய் மருந்தை அச்சாகக் கொண்டு அவர்கள் செய்த பாலிமர், காப்பியிலுள்ள காபீனைப் பெரும்பாலும் பற்றவில்லை. இவ்விரண்டிற்கும் ஒரேயொரு மீதைல் தொகுதியே வேற்றுமை.

இதனைச் சோதிப்போர், மருந்தின்றி அதே முறையிற் செய்த மற்றொரு பாலிமரையும் உடன்வைத்துப் பார்ப்பர். உரமிட்ட பாத்திக்கருகே உரமிடாத பாத்தி வைப்பது போன்றது இது. இரண்டும் சமமாகப் பற்றின், குழிகளாற் பயனில்லை. அன்றியும், குழிகளில் மறைந்து தங்கிய மருந்து பின்னர்க் கசிந்து, சுத்தமான பாலையும் குற்றமுடையதாகக் காட்டிவிடும். ஆதலின், மருந்தை ஒத்த வேறொரு மூலக்கூறை அச்சாகக் கொள்வதும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உணவுப் பிராணிகளுக்கு விலக்கப்பட்டுள்ள குளோராம்பெனிக்காலைப் பாலிலும் தேனிலும் தேடுவதற்கு இவ்வகைப் பாலிமர் பயன்படுகிறது. எனினும் இது குற்றத்தைக் கண்டறியும் கருவியே. மருந்து கலந்த பாலை விற்பனைக்குத் தகுதியாக்கும் உபாயமன்று. ஆகையால், மிருக வைத்தியர் குறித்த நாட்கள் கழியுமட்டும், மருந்திட்ட பசுவின் பாலைத் தனியே கறந்து விலக்குக. மருந்தின் பெயரையும் கடைசியாக இட்ட தேதியையும் எழுதி வைத்தல் அவசியம். கிராம உத்தியோகஸ்தர்களும் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.