மெயின்ஃபிரேம் ஃபைலில் வரிசையும் கூட்டலும்: சார்ட், சம் கட்டளைகள்

கம்ப்யூட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது மேஜை மேல் இருக்கும் பிசி, இல்லாவிட்டால் லேப்டாப். ஆனால் வங்கி, காப்பீடு போன்ற துறைகளில் லட்சக்கணக்கான ரெக்கார்டுகளை இரவோடு இரவாகக் கணக்குப் பார்த்து முடிக்கும் வேலையை இன்றும் பல இடங்களில் மெயின்ஃபிரேம்கள்தான் செய்கின்றன. ஐபிஎம் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் வாரிசுகள் இவை.

இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் கம்பெனியில் சேருகிறவர்களில் சிலருக்கு "உங்களுக்கு மெயின்ஃபிரேம் புராஜெக்ட்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே சந்திக்கும் கருவி சார்ட். ரெக்கார்டுகளை வரிசைப்படுத்துவதும், ஒரே கணக்கு எண்ணுக்கு உரிய தொகைகளைக் கூட்டுவதும் இதன் வேலை. கோபாலில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை இதில் இரண்டே வரிகளில் முடித்துவிடலாம்.

ஆனால் ஒன்றை மனதில் வைக்கவும். இந்த இரண்டு வரிகள் தவறான விடையைத் தந்தாலும் ஜாப் வெற்றிகரமாக முடிந்ததாகவே காட்டக்கூடும். பணம் சம்பந்தப்பட்ட ஃபைல் என்றால் இது விளையாட்டு இல்லை. எனவே கட்டளைகளோடு, விடையைச் சரிபார்க்கும் முறையையும் சேர்த்தே இங்கு காண்போம்.

ஃபைல் எப்படி இருக்கும்?

எக்செல் ஷீட்டில் கட்டங்கள் உண்டு. மெயின்ஃபிரேம் டேட்டா ஃபைலில் கட்டமும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. ஒவ்வொரு ரெக்கார்டும் நீளமான ஒரே எழுத்துத் தொடர். எந்த இடத்தில் எது தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம் என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு வங்கியின் வரவு ஃபைல் என்று மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டின் நீளம் 24 பைட்.

1 முதல் 3 வரை: கிளை எண்
4 முதல் 9 வரை: கணக்கு எண்
10 முதல் 17 வரை: தேதி
18 முதல் 24 வரை: தொகை, ரூபாயில்

இனி ஆறு ரெக்கார்டுகள்:

101400215202504030001500
102400310202504030000750
101400215202504050000250
101400118202504040003000
102400310202504060000250
101400215202504010000400

ஒவ்வொரு கணக்கிலும் மொத்தம் எவ்வளவு வரவு என்பதுதான் கேள்வி.

ஜாப் எழுதுவோம்

மெயின்ஃபிரேமில் ஐபிஎம்மின் டிஎஃப்சார்ட், அல்லது அதற்குப் போட்டியாக வந்த சின்க்சார்ட் இருக்கும். இந்தக் கட்டுரை டிஎஃப்சார்ட்டை ஒட்டியது. கீழே உள்ள ஜேசிஎல் வரிகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுக்கவும்.

//ஸ்டெப்1 எக்ஸெக் பிஜிஎம்=சார்ட்
//சிஸ்அவுட் டிடி சிஸ்அவுட்=*
//சார்ட்இன் டிடி டிஎஸ்என்=பேங்க்.வரவு.டேட்டா,டிஸ்ப்=எஸ்எச்ஆர்
//சார்ட்அவுட் டிடி டிஎஸ்என்=பேங்க்.வரவு.மொத்தம்,
// டிஸ்ப்=(நியூ,கேட்லாக்,டெலிட்),ஸ்பேஸ்=(சில்,(1,1))
//சிஸ்இன் டிடி *
  சார்ட் ஃபீல்ட்ஸ்=(1,9,சிஎச்,ஏ)
  சம் ஃபீல்ட்ஸ்=(18,7,இசட்டி)
/*

சார்ட்இன் என்பது உள்ளே போகும் ஃபைல். சார்ட்அவுட் என்பது வெளியே வரும் ஃபைல். சிஸ்அவுட்டில் டிஎஃப்சார்ட் தன் செய்திகளை எழுதும். சிஸ்இன்னுக்குக் கீழே இருப்பவை நம் கட்டளைகள். இவற்றை முதல் காலத்தில் தொடங்கக் கூடாது; இரண்டாவது காலத்திலோ அதற்குப் பிறகோ தொடங்கவும்.

சார்ட் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் நான்கு விஷயங்கள் உள்ளன. தொடங்கும் இடம் 1, நீளம் 9, டேட்டா வகை சிஎச், வரிசை ஏ. ஏ என்றால் ஏறுவரிசை. இறங்குவரிசை வேண்டுமானால் டி கொடுக்கவும். கிளையும் கணக்கு எண்ணும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் சேர்த்து ஒரே 9 பைட் சாவியாகக் கொடுத்துவிட்டோம்.

சம் கட்டளைக்கு மூன்று விஷயங்கள் போதும்: இடம், நீளம், வகை. சாவி ஒன்றாக இருக்கும் ரெக்கார்டுகளைச் சேர்த்து, தொகையைக் கூட்டி, ஒரே ரெக்கார்டாக எழுதிவிடும். விடை இதோ, தேதியை விட்டுவிட்டு:

101400118 – 3000
101400215 – 2150
102400310 – 1000

ஆறு ரெக்கார்டுகளின் கூட்டுத்தொகை 6150. மூன்றின் கூட்டுத்தொகையும் 6150. சரியாக இருக்கிறது அல்லவா? சிஸ்அவுட்டைத் திறந்தால் உள்ளே வந்தவை 6, வெளியே போனவை 3, நீக்கப்பட்டவை 3 என்று இருக்கும். "நீக்கப்பட்டது" என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொரு ரெக்கார்டோடு கூட்டப்பட்டவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

டேட்டா வகை ஏன் முக்கியம்?

சிஎச் என்பது எழுத்து. இசட்டி என்பது ஒரு பைட்டுக்கு ஓர் இலக்கம் வைக்கும் எண். பிடி என்பது ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்களை அடக்கும் எண். பிஐ, எஃப்ஐ இரண்டும் பைனரி எண்கள்.

இசட்டி வகையில் கூட்டல், கழித்தல் குறிக்குத் தனி இடம் கிடையாது. கடைசி பைட்டின் முன்பாதியிலேயே குறி ஒளிந்திருக்கும். அதனால் மைனஸ் எண்ணின் கடைசி இலக்கம் திரையில் ஓர் எழுத்தாகத் தெரியும். உதாரணமாக மைனஸ் 25-ஐ நான்கு இலக்கத்தில் எழுதினால் 002என் என்று இருக்கும். இதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட தொகையை சிஎச் என்று கொடுத்து வரிசைப்படுத்தினால் என்ன ஆகும்? மைனஸ் 300, பிளஸ் 20-க்குப் பிறகு வந்து நிற்கும். எழுத்தாகப் பார்க்கும்போது இரண்டாவது இலக்கத்தில் 3 பெரியது, 0 சிறியது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எண்ணுக்கு எண் வகையையே கொடுக்கவும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் பிசியில் ஆஸ்கி முறைப்படி முதலில் எண்கள், அடுத்து பெரிய எழுத்துகள், கடைசியில் சிறிய எழுத்துகள் வரும். மெயின்ஃபிரேமின் எப்சிடிக் முறையில் இது தலைகீழ்: சிறிய எழுத்து, பெரிய எழுத்து, அதன்பின் எண். கிளைக் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால், மெயின்ஃபிரேமில் வரிசைப்படுத்திய ஃபைல் பிசிக்கு வந்தபின் வரிசை தப்பியதுபோல் தோன்றும். காரணம் இதுதான்.

கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்

முதலாவது, கூட்டாத ஃபீல்டுகள். மேலே விடையில் தேதியை வேண்டுமென்றேதான் விட்டேன். 400215 என்ற கணக்குக்கு மூன்று தேதிகள் இருந்தன. வெளியே வரும் ஒரே ரெக்கார்டில் எந்தத் தேதி இருக்கும்? மூன்றில் ஏதோ ஒன்று. ஆப்ஷன் ஈக்வல்ஸ் என்று கொடுத்தால் ஃபைலில் முதலில் இருந்த ரெக்கார்டின் தேதி நிற்கும். கொடுக்காவிட்டால் எது நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைக் கடைசியாகப் பணம் கட்டிய தேதி என்று நம்பி ரிப்போர்ட் அடித்தால் தவறாகிவிடும். கடைசித் தேதிதான் வேண்டுமென்றால், முதல் ஸ்டெப்பில் தேதியை இறங்குவரிசையில் வைத்துவிட்டு, இரண்டாவது ஸ்டெப்பில் ஈக்வல்ஸ் சேர்த்துக் கூட்டவும்.

இரண்டாவது, இடம் போதாமை. நம் தொகைக்கு 7 இலக்கம்தான் இடம். அதிகபட்சம் 99,99,999. ஒரே கணக்கில் 90 லட்சமும் 20 லட்சமும் வந்தால் கூட்டுத்தொகை 1,10,00,000; அதற்கு 8 இலக்கம் வேண்டும். டிஎஃப்சார்ட் அப்போது அந்த இரண்டு ரெக்கார்டுகளையும் கூட்டாமல் தனித்தனியாக விட்டுவிடும். சிஸ்அவுட்டில் ஒரு செய்தி எழுதும். ஆனால் ஐபிஎம் தரும் இயல்பான அமைப்பில் ரிட்டர்ன் கோட் 0 என்றே வரும். கணக்குக்கு ஒரு ரெக்கார்டு என்று நம்பிப் படிக்கும் அடுத்த புரோகிராம், ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால், ஒருவருடைய பணம் ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போகும். இதைத் தடுக்க கீழ்க்கண்ட வரியைச் சேர்க்கவும். இடம் போதாவிட்டால் டிஎஃப்சார்ட் ரிட்டர்ன் கோட் 16 கொடுத்து அங்கேயே நின்றுவிடும்.

  ஆப்ஷன் ஓவிஎஃப்எல்ஓ=ஆர்சி16

மூன்றாவது, சம் ஃபீல்ட்ஸ்=நன். இது எதையும் கூட்டாது. சாவி ஒன்றாக இருந்தால் ஒரு ரெக்கார்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிவிடும். இரட்டிப்பாக வந்த ரெக்கார்டுகளை நீக்க அருமையான வழி. ஆனால் நம் ஃபைலில் கணக்கு எண்ணை மட்டும் சாவியாகக் கொடுத்து இதை ஓட்டினால், வெவ்வேறு நாளில் கட்டிய உண்மையான வரவுகளே போய்விடும். அச்சு அசலான இரட்டிப்பை மட்டும் நீக்க வேண்டுமானால் 24 பைட்டையும் சாவியாகக் கொடுக்கவும்.

ஒரே வரியில் இரண்டு தீர்வு

முதல் இரண்டு சிக்கல்களையும் இன்ரெக் என்ற கட்டளையால் ஒன்றாகத் தீர்க்கலாம். இது வரிசைப்படுத்துவதற்கு முன்பே ரெக்கார்டை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும்.

  இன்ரெக் பில்ட்=(1,9,18,7,இசட்டி,டூ=இசட்டி,லெங்த்=10)
  சார்ட் ஃபீல்ட்ஸ்=(1,9,சிஎச்,ஏ)
  சம் ஃபீல்ட்ஸ்=(10,10,இசட்டி)
  ஆப்ஷன் ஓவிஎஃப்எல்ஓ=ஆர்சி16

இங்கே தேதியை எடுத்துவிட்டோம். தொகையை 7 இலக்கத்திலிருந்து 10 இலக்கமாக அகலப்படுத்திவிட்டோம். புதிய ரெக்கார்டின் நீளம் 19 பைட். சம் கட்டளையில் 18 என்ற பழைய இடம் போய் 10 என்று வந்திருப்பதைக் கவனித்தீர்களா? இன்ரெக் கொடுத்தபின் எல்லா இடங்களையும் புதிய ரெக்கார்டின்படிதான் எண்ண வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

நீளம் மாறும் விபி வகை ஃபைல் என்றால் ஒவ்வொரு ரெக்கார்டின் முன்னும் 4 பைட் நீளக் குறிப்பு இருக்கும். டேட்டா 5-ஆவது பைட்டில்தான் தொடங்கும். அதற்கேற்ப எண்ணிக்கொள்ளவும்.

சரிபார்ப்பது எப்படி?

டிஎஃப்சார்ட்டோடு ஐஸ்டூல் என்ற கருவியும் வருகிறது. பிஜிஎம்=ஐஸ்டூல் என்று ஒரு ஸ்டெப் சேர்த்து, டூல்எம்எஸ்ஜி, டிஎஃப்எஸ்எம்எஸ்ஜி, டூல்இன் ஆகிய டிடிக்களோடு, இன்1 என்று பழைய ஃபைலையும் இன்2 என்று புதிய ஃபைலையும் கொடுக்கவும். டூல்இன்னில்:

  ஸ்டாட்ஸ் ஃப்ரம்(இன்1) ஆன்(18,7,இசட்டி)
  ஸ்டாட்ஸ் ஃப்ரம்(இன்2) ஆன்(10,10,இசட்டி)
  யுனீக் ஃப்ரம்(இன்1) ஆன்(1,9,சிஎச்)

ஸ்டாட்ஸ் கட்டளை குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, மொத்தம் ஆகியவற்றைத் தரும். முன்னும் பின்னும் மொத்தம் ஒன்றாக இருந்தால் பணம் எதுவும் தொலையவில்லை. நம் மாதிரியில் இரண்டு இடத்திலும் 6150 வர வேண்டும்.

ஆனால் அது மட்டும் போதாது. இடம் போதாமல் கூட்டாது விட்ட ரெக்கார்டுகள் தனித்தனியாக ஃபைலிலேயே இருப்பதால், அப்போதும் மொத்தம் ஒத்துப்போகும். அதற்காகத்தான் யுனீக். பழைய ஃபைலில் எத்தனை வெவ்வேறு கணக்குகள் உள்ளன என்று அது எண்ணிச் சொல்லும். அந்த எண்ணிக்கையும் புதிய ஃபைலின் ரெக்கார்டு எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். நமக்கு இரண்டும் 3. இரண்டு சோதனையும் சரி என்றால் நிம்மதியாக ஃபைலை அடுத்த ஜாப்புக்கு அனுப்பலாம்.

வீட்டில் பழக

மெயின்ஃபிரேம் வீட்டில் இல்லையே என்று கவலை வேண்டாம். மேலே உள்ள ஆறு ரெக்கார்டுகளையும் எக்செல்லில் கிளை, கணக்கு, தேதி, தொகை என நான்கு காலங்களில் டைப் செய்யவும். வரிசைப்படுத்தாமலேயே டேட்டா மெனுவில் உள்ள சப்டோட்டல் கொடுத்து, கணக்கு எண் மாறும்போதெல்லாம் கூட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே கணக்குக்குப் பல மொத்தங்கள் வரும். அதை நீக்கிவிட்டு, கணக்கு எண்படி வரிசைப்படுத்தி மறுபடியும் கொடுங்கள். இப்போது கணக்குக்கு ஒரே மொத்தம். முதலில் வரிசை, பிறகு கூட்டல் என்பது ஏன் என்று இதிலேயே புரிந்துவிடும்.

உண்மையான மெயின்ஃபிரேமையே தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால், ஐபிஎம் இலவசமாக நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் பயிற்சித் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஜேசிஎல் பாடங்கள் அங்கே உள்ளன.

பயிற்சிக்கு ஒரு கேள்வி: இதே ஃபைலில் கணக்கு வாரியாக இல்லாமல் கிளை வாரியாக மொத்தம் வேண்டும். எந்தெந்த எண்களை மாற்ற வேண்டும்? 101-க்கு 5150, 102-க்கு 1000 என்று வந்தால் உங்கள் விடை சரி.