செயினை ரொம்ப டைட் வைக்காதீங்க!

திண்டிவனத்துல இருந்து செஞ்சிக் கோட்டைக்கு டபுள்ஸ் போறீங்களா? செயின் சத்தம் போடுதேன்னு இழுத்து டைட் வெச்சுடாதீங்க.

காரணம் இதுதான். முன் ஸ்ப்ராக்கெட் இன்ஜினோட நிலையா நிக்கும். பின் ஸ்ப்ராக்கெட் ஸ்விங் ஆர்மோட மேலும் கீழும் ஆடும். ஸ்விங் ஆர்ம் பிவட், முன் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால இருக்கு. ரெண்டு பேர் உட்கார்ந்து, ஸ்பீடு பிரேக்கர்ல சஸ்பென்ஷன் அமுங்கும்போது, இந்த மூணு மையமும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். அப்போதான் ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு இடையே தூரம் அதிகபட்சம். தொய்வு இல்லேன்னா பேரிங் அடி வாங்கும். செயின் அறுந்து சிக்கினா பின் வீல் லாக் ஆகும்.

ஷாஃப்ட்ல இந்தத் தொல்லை இல்ல. 1923லயே பி.எம்.டபிள்யூ ஆர் 32-ல அது வந்தாச்சு. ஆனா ஓசூர்ல தயாரான பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர்-ல செயின்தான். ஏன்னா செயின் எடை குறைவு, விலை குறைவு. அதுக்குப் பதிலா பராமரிப்பு கேக்கும்.

இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. வீலைக் கையால சுத்தி, செயின் மிக டைட்டா வர்ற இடத்துல தொய்வை அளங்க. பல பைக்குகளுக்கு 20–30 மி.மீ. இருக்கும். உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதே சரி. அப்புறம் கிளம்புங்க.