கிட்டார் கற்ற இசைஞானி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இசைக்கு இணங்காத உயிர் இல்லை என்பர். ஆலைச் சங்கும் லாரி இரைச்சலும் ஓயாத நம் வடசென்னையிலும் இசைக்குப் பஞ்சம் இல்லை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மாதவரத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். இரவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். சென்ற ஆண்டு அத்தகைய கச்சேரி ஒன்றில் ஒலிப்பெட்டியின் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் நூறு முறை கேட்ட பாட்டுதான். ஆனால் பாடகரின் குரலுக்கு அடியில், நான் அதுவரை கேட்டிராத இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேடையின் ஓரத்தில் ஓர் அண்ணன் நான்கு தந்திகள் கொண்ட கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் பேஸ் கிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் இளையராஜா. அவரைப் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் நாம் அறிவோம். அவர் முதலில் ஒரு கிட்டார்க் கலைஞர் என்பதைப் பலர் அறியார். அந்தக் கலைஞரைப் பற்றியும், அடியில் ஒலிக்கும் அந்தத் தந்தியைப் பற்றியும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பயிற்சியும்

இன்றைய தேனி மாவட்டத்திலுள்ள பண்ணைப்புரத்தில் 1943-ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வந்தார். பதினான்கு வயதளவில் அந்தக் குழுவில் சேர்ந்த இளையராஜா, ஊர் ஊராகச் சென்று பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் வளர்ந்தார். நாற்று நடுவோர் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவருக்குத் தாய்மொழி போல் வாய்த்தன.

சென்னைக்கு வந்த பின் 1968-ல் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. ஐந்து கோடுகளின் மேல் சுரங்களை எழுதவும் படிக்கவும் அங்கேதான் பயின்றார். லண்டன் டிரினிடி கல்லூரி நடத்தும் கிட்டார்த் தேர்வை எழுதித் தங்கப் பதக்கமும் பெற்றார். சலீல் சௌதுரிக்குக் கிட்டார் வாசித்தார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-ல் பஞ்சு அருணாசலம் தந்த வாய்ப்பால் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைத்தார். அதன் பின் நடந்தது நாடறிந்த வரலாறு.

தந்தியின் இயற்பியல்

கச்சேரியில் கேட்ட அந்த ஒலி ஏன் கைப்பேசியில் கேட்கவில்லை? இக்கேள்விக்கு விடை நம் பாடத்திலேயே இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மற்ற மூன்றின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 55, 73, 98. இவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அது இயலாது. கச்சேரியின் பெரிய ஒலிப்பெட்டியால் இயலும்.

ஆய்வகத்தில் சுரமானியின் கம்பியை இசைக்கவையோடு ஒத்திசையச் செய்கிறோம் அல்லவா? இழுவிசை மாறாதிருந்தால், கம்பியின் நீளம் பாதியாகும்போது அதிர்வெண் இரு மடங்காகிறது. கிட்டாரும் ஒரு சுரமானியே. வீணையைப் போலவே அதற்கும் மெட்டுகள் உண்டு. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் அமைந்திருக்கும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்காகிறது. இந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள், விடை இரண்டு!

ஃபங்க் என்னும் துள்ளலிசை

தாழ்ந்த தந்திக்குப் பெருமை தேடித் தந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1960-களில் அவர்களிடையே ஃபங்க் என்னும் இசை தோன்றியது. அதன் முன்னோடியான ஜேம்ஸ் பிரவுன், தாளத்தின் முதல் அடிக்கே முழு அழுத்தம் கொடுத்தார். அவர் குழுவில் கிட்டாரையும் தாளக் கருவி போலச் சுருக்கமாக வெட்டி வெட்டி வாசித்தனர். பாடகரும் கிட்டார்க் கலைஞருமான லாரி கிரகாம் தம் தாயாருடன் சேர்ந்து கச்சேரி செய்தபோது குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. ஆகவே அவர் பேஸ் கிட்டாரின் தந்திகளையே கட்டை விரலால் தட்டித் தாளம் எழுப்பினார். இல்லாமையிலிருந்து பிறந்த அந்த முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது.

இளையராஜாவின் கைவண்ணம்

பொதுவாகப் பேஸ் கிட்டார் ஆதார சுரத்தைத் தாங்கி நிற்கும், அவ்வளவே. இளையராஜாவோ அதற்குத் தனியாக ஒரு மெட்டே எழுதினார். பாடகரின் மெட்டு மேலே செல்ல, இன்னொரு மெட்டு கீழே அதனோடு உரையாடிச் செல்லும். இரண்டு மெட்டுகளை இவ்வாறு பின்னுவது பாக் போன்ற மேல்நாட்டு மேதைகளின் வழி. தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக 1986-ல் ஒரு தனித் தொகுப்பையே அவர் படைத்தார்.

அவரது நூறாவது படமான ‘மூடுபனி’யில் (1980) நாயகன் கிட்டாருடன் பாடும் பாட்டைக் கேளுங்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’யில் (1982) நிலவைப் பாடும் பாட்டில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேளுங்கள். ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் (1988) இளையராஜாவே பாடிய ஆட்டப் பாட்டில் ஃபங்கின் துள்ளலைக் காணலாம். ஒருமுறை பாடகரை மறந்துவிட்டு அடியில் ஓடும் தந்தியை மட்டும் பின்தொடருங்கள். அதே பாட்டு புதிய பாட்டாகத் தோன்றும்.

நமக்கொரு பாடம்

என் தந்தையார் லாரி செட்டில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் ஆங்கிலப் பாடம் விளங்காமல், படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு போய்விடலாமா என்று எண்ணியதுண்டு. ‘நமக்கெதற்கு இதெல்லாம்?’ என்று உறவினரும் கேட்டனர். இருபத்தைந்து வயதில் அந்நிய இசையின் அரிச்சுவடியைத் திறந்த ஒருவரை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

கற்ற பின் அவர் தம் ஊர்ப் பாட்டை உதறிவிடவில்லை. புதிய இலக்கணத்தை அதற்கு அடித்தளமாக்கினார். 2025 மார்ச் 8 அன்று, தம் 81-ஆம் வயதில், லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். கிட்டாரானாலும் இயற்பியலானாலும் முயன்று கற்றவனுக்கே அது சொந்தம். இதை அறிந்த பின் சுரமானியின் முன் நிற்கும்போது எனக்குத் தயக்கம் தோன்றுவதில்லை. வரும் ஆடியிலும் அந்த ஒலிப்பெட்டியின் அருகில்தான் நிற்பேன். இம்முறை அப்பாவையும் அழைத்துச் சென்று, அடியில் ஓடும் அந்தப் பாட்டைக் கேட்கச் சொல்வேன்.