விளைந்தால் மட்டும் போதுமா?

மார்டள்ளியில் மாலை வகுப்புக்கு வரும் ஓர் அக்கா ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, புளியை உலுக்கி, பொறுக்கி, மூட்டை கட்டுகிறோம். வியாபாரி சொல்வதுதான் விலை. அதே புளி கொட்டை எடுத்துக் கடைக்கு வந்தால் விலை கூடுகிறது. அந்தக் கூடுதல் காசு யாருக்குப் போகிறது?"

நல்ல கேள்வி. இதற்கு விடை நம் கர்நாடகத்திலேயே இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் பாக்கு விலை சரிந்தது. கர்நாடக, கேரள விவசாயிகள் தவித்தார்கள். தனித்தனியாக நின்றால் பயனில்லை என்று உணர்ந்தார்கள். 1973-இல் மங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் கேம்ப்கோ. வாரணாசி சுப்ராய பட் அதை முன்நின்று தொடங்கினார். சங்கமே பாக்கை வாங்கி விற்றது.

பாக்குத் தோப்பில் ஊடுபயிராகக் கொக்கோவும் வளர்ந்தது. சில ஆண்டுகளில் கொக்கோ வாங்க ஆள் குறைந்தது. பழம் மரத்திலேயே வீணாகும் நிலை வந்தது. அப்போது கேம்ப்கோ கொக்கோவையும் வாங்கத் தொடங்கியது.

அதோடு நிற்கவில்லை. புத்தூரில் சாக்லேட் ஆலை கட்டியது. 1986 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதைத் திறந்து வைத்தார்.

கொக்கோக் கொட்டை எப்படிச் சாக்லேட் ஆகிறது?

1. பழத்தை உடைத்துக் கொட்டையை எடுக்கிறார்கள்.
2. ஐந்தாறு நாள் குவித்துப் புளிக்க வைக்கிறார்கள். வாசனைக்கு அடிப்படை இதில் அமைகிறது.
3. வெயிலில் காய வைக்கிறார்கள்.
4. வறுத்து, தோல் நீக்கி, அரைக்கிறார்கள்.
5. சர்க்கரை, பால் பொடி சேர்க்கிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் பொருளின் மதிப்பு ஏறுகிறது. ஆலை சங்கத்துடையது. அதனால் லாபம் உறுப்பினர்களுக்குப் பயன்படுகிறது.

புளிக்குப் பெரிய ஆலை வேண்டாம். காய வைக்க வேண்டும். ஓடு, கொட்டை, நார் நீக்க வேண்டும். எடை போட்டுக் கட்ட வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கணக்கைப் பார்க்காத சங்கம் நிலைக்காது. எடைச் சீட்டைப் படியுங்கள். பொதுக்குழுவில் கேள்வி கேளுங்கள். படிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். எழுத்துக் கற்றது இதற்கும்தான்.

யோசிப்போம், பேசுவோம்

1. அக்காவின் கேள்விக்கு உங்கள் பதில் என்ன?
2. உங்கள் வீட்டில் அப்படியே விற்கும் பொருள் எது? அதை எப்படிப் பக்குவம் செய்து விற்கலாம்?
3. கடந்த முறை விற்ற எடை, விலை, செலவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.