ஊர்வன பற்றிய நூல்கள்: வாங்கும் முன் நான்கு சோதனைகள்

"ஆமை வளர்க்கலாமா, டீச்சர்?", "பல்லி விழுந்த சோறு விஷமா?" என்று என் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். விடை தேட அவர்களைப் பள்ளி நூலகத்துக்கு அனுப்புகிறோம். அங்குள்ள நூல் தவறாக வழிகாட்டினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஊர்வன, இருவாழ்விகள் பற்றிய நூல்களை வாங்கும் முன் நான்கு செய்திகளைச் சரிபார்க்கிறேன்.

முதலாவது, பாம்புக்கடி முதலுதவி. கடிவாயைக் கீறவோ, வாயால் உறிஞ்சவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ சொல்லும் நூல் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லும் நூலே சரியானது.

இரண்டாவது, நம் நாட்டுச் சட்டம். வெளிநாட்டு நூல்கள் சிலவற்றில் நட்சத்திர ஆமையை வளர்க்கும் முறை விரிவாக இருக்கும். ஆனால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. இதைக் குறிப்பிடாத நூல் நம் மாணவருக்கு உதவாது.

மூன்றாவது, வளர்ப்பின் பொறுப்பு. கடைகளில் காசு அளவில் விற்கப்படும் அமெரிக்கச் செங்காது ஆமை, 25 செ.மீ. வரை வளர்ந்து, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதற்குப் புறஊதா விளக்கு தேவை. தொட்டபின் சோப்பால் கைகழுவாவிட்டால் சால்மோனெல்லா கிருமி தொற்றலாம். குளத்தில் விட்டால் நம் நாட்டு ஆமைகளுக்குப் போட்டியாகிவிடும். நல்ல நூல் இவை அனைத்தையும் சொல்லும். பல்லிக்கு நஞ்சில்லை என்பதோடு நில்லாமல், அது கிருமிகளைச் சுமக்கலாம் என்பதால் அந்தச் சோற்றைத் தவிர்க்கவும் சொல்லும்.

நான்காவது, அறிவியல் பெயர். நம் வீட்டோரத் தேரையை முன்பு 'புஃபோ' பேரினத்தில் வைத்திருந்தனர். 2006 முதல் அது 'டட்டாஃப்ரைனஸ்'. பழைய பெயர் இருந்தால் நூலை ஒதுக்க வேண்டியதில்லை. அது எக்காலத்து நூல் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம்.

ஆசிரியர் மேற்கோள் நூல்களாக, ஜே.சி. டேனியல் இந்திய ஊர்வன, இருவாழ்விகள் பற்றி எழுதிய நூலையும், ராமுலஸ் விட்டேகரும் அசோக் கேப்டனும் எழுதிய இந்தியப் பாம்புகள் கள வழிகாட்டியையும் பரிந்துரைப்பேன். இரண்டும் ஆங்கில நூல்கள். பாடத்துக்கு வேண்டிய பகுதியை நாம் தமிழில் விளக்கலாம்.

வகுப்பில் ஒரு செயல்பாடு: ஒரே விலங்கைப் பற்றி இரண்டு நூல்கள் சொல்வதை மாணவர் குழுக்கள் அட்டவணையிட்டு ஒப்பிடட்டும். எங்கே முரண்படுகின்றன, எதை நம்பலாம், ஏன் என்று அவர்களே விவாதிக்கட்டும். அச்சில் வந்த எதையும் கேள்வி கேட்டுப் படிக்கும் பழக்கம் அப்போது வளரும்.