போகும் காலம் போய்விட்டதா?

"வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது." வயதானவர்கள் இப்படிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். "இந்த வயதில் நான் எங்கே போகப் போகிறேன்? ஊர் பார்க்கும் வயதா இது?" என்றும் சொல்வார்கள். சொல்பவரின் வயதைக் கேட்டால் சில நேரம் 50 கூட இருக்காது.

ஊர் பார்க்க என்று ஒரு வயது உண்டா? அந்த வயது தாண்டினால் கதவு சாத்திவிடுமா? இந்தப் பாடத்தில் அதைப் பேசுவோம்.

கொச்சியில் ஒரு டீக்கடை

கேரள மாநிலத்தில் கொச்சி என்ற ஊர் இருக்கிறது. அங்கே விஜயன் என்பவரும் அவர் மனைவி மோகனாவும் ஒரு டீக்கடை நடத்தினார்கள். கடையின் பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். சின்னக் கடைதான். டீ போடுவது, பலகாரம் செய்வது, பாத்திரம் கழுவுவது எல்லாம் இவர்கள் இருவருமே. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அந்தப் பணம் கையில் நிற்காது அல்லவா?

விஜயனுக்குச் சிறு வயதிலிருந்தே ஊர் பார்க்கும் ஆசை. கல்யாணம், பிள்ளைகள், கடை என்று வருடங்கள் ஓடின. ஆசை மட்டும் ஓடிப் போகவில்லை. 2007-ஆம் ஆண்டில்தான் இருவரும் முதல் முறையாக வெளிநாடு போனார்கள். அப்போது விஜயனுக்கு வயது சுமார் 57. அதன் பிறகு ஒவ்வொரு நாடாகப் பார்த்தார்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் வந்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போனார்கள். மொத்தம் 26 நாடுகள்! போய்வந்த நாடுகளின் படங்கள் கடைச் சுவரில் தொங்கின. டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

ரஷ்யாவிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே விஜயன் காலமானார். அவருக்கு வயது 71.

57-க்கும் 71-க்கும் இடையே எத்தனை வருடம்? கழித்துப் பாருங்கள். 14 வருடம். "இனி என்ன இருக்கிறது?" என்று நாம் தள்ளிவைக்கும் வயதில் அவருக்கு அந்த 14 வருடம் இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? தினமும் கடை வருமானத்தில் 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு 365 நாள். 300-ஐ 365-ஆல் பெருக்கினால் 1,09,500 ரூபாய். அது போதாதபோது கடன் வாங்கினார்கள். போய்வந்த பிறகு உழைத்துக் கடனை அடைத்தார்கள். சில பயணங்களுக்கு அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களும் உதவினார்கள்.

கடன் வாங்கி ஊர் சுற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தினமும் கல்லாவில் காசு விழுகிற கடைக்காரருக்கு அது முடியும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் எடுத்து வைக்கும் பழக்கம் நமக்கும் ஆகும். தினம் 10 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டால் வருடக் கடைசியில் 3,650 ரூபாய். அதில் வெளிநாடு போக முடியாது. நம் நாட்டில் ரயிலில் வெகுதூரம் போய் வரலாம்.

அந்தக் காலம் எப்போது வந்தது?

இன்னொரு குடும்பத்தையும் பார்ப்போம். இவர்கள் கர்நாடக மாநிலத்தில் மைசூரைச் சேர்ந்தவர்கள். தாயின் பெயர் சூடாரத்னம்மா. மகன் பெயர் கிருஷ்ணகுமார். தாய் வாழ்ந்தது கூட்டுக் குடும்பம். சமையல், துவைத்தல், பெருக்குதல் என்றே வருடங்கள் போயின. ஒரு நாள் மகன் கேட்டார்: "அந்தக் கோவில் பார்த்திருக்கிறாயா? இந்தக் கோவில் பார்த்திருக்கிறாயா?" பக்கத்தில் இருக்கும் பேலூர், ஹளேபீடுகூடப் பார்த்ததில்லை என்றார் தாய்.

மகன் வேலையை விட்டார். அப்பா வாங்கிக் கொடுத்த பழைய ஸ்கூட்டரை எடுத்தார். 2018 ஜனவரி 16-ஆம் தேதி தாயைப் பின்னால் உட்காரவைத்துப் புறப்பட்டார். தாய்க்கு அப்போது வயது 70-ஐ ஒட்டி. அந்த ஸ்கூட்டரிலேயே 50,000 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். நேபாளம், பூடான் நாடுகளையும் பார்த்தார்கள்.

எல்லா மகனும் வேலையை விட முடியுமா? முடியாது. விடவும் வேண்டாம். நான் இதைச் சொல்வது வேறு ஒன்றுக்காக. "போகும் காலம் போய்விட்டது" என்கிறோம். சூடாரத்னம்மாவுக்கு அந்தக் காலம் எப்போது வந்தது? 20 வயதில் வந்ததா? இல்லை. 40 வயதில் வந்ததா? அப்போது வீடு நிறைய ஆட்களுக்குச் சமையல். நம் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். காலம் வந்து போகவில்லை. வரவே இல்லை.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ஆம் தேதி ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் சக்தி. அந்த மாநிலத்துப் பெண்கள் மாநிலத்துக்குள் சாதாரண அரசு பஸ்களில் டிக்கெட் காசு இல்லாமல் போகலாம் என்றார்கள். முதல் சில வாரங்களிலேயே தர்மஸ்தலா போன கோவில் ஊர்களுக்குப் போகும் பஸ்களில் நிற்க இடமில்லை. கூட்டத்தில் பாட்டிகளும் இருந்தார்கள். அந்தப் பாட்டிகளுக்கு ஜூன் மாதத்தில் திடீரென்று வயது குறைந்துவிட்டதா? இல்லை. பஸ் கட்டணம்தான் குறுக்கே நின்றிருந்தது.

எழுத்து என்ற பயம்

காசு இருந்தும் போகாதவர்கள் உண்டு. நம் மையத்தில் படிக்கும் ஓர் அம்மாவுக்கு 62 வயது. கீரை விற்கிறார். மகளை டெல்லியில் கட்டிக்கொடுத்து 14 வருடம் ஆகிறது. பேத்திக்கு 12 வயது. பேத்தியின் முகத்தை போனில்தான் அதிகம் பார்த்திருக்கிறார். "போய்ப் பார்த்து வரலாமே அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தம்பி, ஆசை இல்லையா? பையனைக் கேட்டால் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறான். தனியாகப் போகலாம் என்றால் போர்டு படிக்கத் தெரியாது. நடுவிலே எங்காவது இறங்கிவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?"

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அவர் பயந்தது வயதுக்கு அல்ல, எழுத்துக்கு. அதை வயது என்ற பெயரால் சொல்லிக்கொண்டிருந்தார். "வயசாகிவிட்டது" என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று சொல்லக் கூச்சம்.

இப்போது அவர் தமிழ் படிக்கிறார். எண்கள் நன்றாகத் தெரியும். முதலில் டெல்லி வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். பக்கத்து டவுனுக்குத் தனியாக பஸ்ஸில் போய் வந்தார். பிறகு ரயிலில் ஜங்ஷன் வரை போய் வந்தார். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படித்தாராம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அதன் கீழே கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்றும் எழுதியிருக்கும். "அது எதற்குத் தம்பி?" என்று என்னைக் கேட்டார். அந்த ஊர் கடலைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டுவது அது. ரயிலில் பல முறை போனவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

தை மாதம் டெல்லி போவதாக இருக்கிறார். முன்பதிவுப் படிவத்தில் பெயர், வயது, தேதி எல்லாம் தன் கையாலேயே எழுதினார்.

டிக்கெட்டைப் படிப்போம்

ரயில் டிக்கெட்டில் பாதிக்கு மேல் எண்கள்தான். எண் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

ஒவ்வொரு ரயிலுக்கும் 5 இலக்க எண் உண்டு. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ரயிலின் எண் 12621. டெல்லியிலிருந்து திரும்பி வரும்போது 12622. இந்த ரயில் விஜயவாடா, நாக்பூர், போபால் வழியாகப் போகிறது. விஜயவாடாவில் பலகையில் தெலுங்கு இருக்கும். நாக்பூரில் மராத்தியும் இந்தியும். நமக்கு அந்த எழுத்துகள் தெரியாது. ஆனால் ரயில் எண்ணும் பெட்டி எண்ணும் டெல்லி வரைக்கும் அதே எண்தான்.

டிக்கெட்டில் எஸ் 4, 17 என்று இருந்தால் என்ன பொருள்? எஸ் என்பது படுக்கை வசதி உள்ள சாதாரணப் பெட்டி. 4 என்பது அந்தப் பெட்டியின் எண். 17 என்பது உங்கள் படுக்கை எண். அந்தப் பெட்டியில் 1, 4 இரண்டும் கீழ்ப் படுக்கை. 2, 5 நடுப் படுக்கை. 3, 6 மேல் படுக்கை. 7 நடைவழிப் பக்கத்தில் கீழே. 8 அதற்கு மேலே. பிறகு மறுபடியும் இதே வரிசைதான். 1-உடன் 8 கூட்டினால் 9. இன்னும் 8 கூட்டினால் 17. ஆகவே 17 கீழ்ப் படுக்கை. 20 எது? நீங்களே சொல்லுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் படுக்கையில் ஏற முடியாது. 60 வயது ஆன ஆண்களுக்கும், 45 வயது ஆன பெண்களுக்கும், இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை ஒதுக்குகிறார்கள். அதனால் படிவத்தில் வயதைச் சரியாக எழுதுங்கள். குறைத்துச் சொல்லி மேலே ஏறித் தவிக்காதீர்கள். அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதியவர்களுக்கு முன்பு ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் மாதத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய கணக்கை நம்பிக் குறைவாகப் பணம் கொண்டுபோகாதீர்கள். கவுன்டரில் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நேரம். பலரும் தடுமாறுவது இதில்தான். ரயில்வேயில் காலை, இரவு என்று எழுதுவதில்லை. ஒரு நாளை 24 மணியாக எழுதுவார்கள். பகல் 1 மணி என்பது 13.00. 22.10 என்றால் 12-ஐக் கழியுங்கள். இரவு 10 மணி 10 நிமிடம். 00.20 என்று இருந்தால்? அது இரவு 12 மணி 20 நிமிடம். இங்கே தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடு இரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.20 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் ரயில் முந்தின நள்ளிரவிலேயே போயிருக்கும். படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

ரயிலில் உதவி வேண்டுமானால் 139 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

உடம்பையும் கேட்க வேண்டும்

வயது ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். காஷ்மீரில் அமர்நாத் குகைக் கோவில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,900 மீட்டர் உயரம். அங்கே காற்றில் மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு குறைவு. 2023, 2024 ஆண்டு யாத்திரைகளில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும், 70 வயதுக்கு மேற்பட்டவர்களையும் பதிவு செய்யவில்லை. மற்றவர்களும் டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உயரமான மலை இடங்களுக்குப் போக நேரம் கடந்துபோவது உண்மைதான். அப்படி ஆசை இருப்பவர்கள், கால் நன்றாக நடக்கும்போதே, டாக்டரைக் கேட்டுக்கொண்டு போய் வந்துவிடுங்கள். "பேரன் கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப் போட வேண்டாம்.

சமவெளி ஊர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையைப் பெரிய பையில் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். கைப்பையில் வையுங்கள். போகும் நாட்களுக்கு வேண்டியதைவிட மூன்று நான்கு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் உங்கள் பெயர், ஊர், மாத்திரையின் பெயர், போய்ச் சேரும் வீட்டு முகவரி, இரண்டு போன் எண்கள் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அந்தத் தாள் இருக்கும்.

எழுதிப் பாருங்கள்

இதுவரை நீங்கள் போன இடங்களில் மிகத் தொலைவான இடம் எது? அப்போது உங்களுக்கு என்ன வயது?

ஒரு டிக்கெட்டில் 20-ஆம் தேதி, 00.45, எஸ் 7, 12 என்று இருக்கிறது. எந்தத் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்? எந்தப் பெட்டி? கீழ்ப் படுக்கையா, மேல் படுக்கையா?

நீங்கள் பார்க்க விரும்பும் ஓர் ஊரின் பெயரை நோட்டில் எழுதுங்கள். அங்கே போக எந்த பஸ் அல்லது எந்த ரயில், போக வர எவ்வளவு செலவு என்று விசாரித்து, அடுத்த வகுப்புக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.