காமாலைப் பிள்ளைக்குப் பத்தியம் வேண்டாம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கைக்குழந்தைக்குக் கண் மஞ்சளித்தால், கீழாநெல்லியும் பத்தியமும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பித்தக்குழாய் அடைப்பு போன்ற நாள்பட்ட கல்லீரல் நோயில், பித்தநீர் குடலுக்குப் போதிய அளவு வருவதில்லை. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் அது இல்லாமல் உடம்பில் சேராது.

நம்பிக்கை: எண்ணெய், நெய், முட்டையை நிறுத்தினால் கல்லீரல் தேறும்.

உண்மை: பிள்ளைதான் மெலியும். இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகச் சத்து தேவை. பித்தநீர் இல்லாமலே சேரும் எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயை மருத்துவர்கள் உணவில் சேர்க்கச் சொல்வதும் அதனால்தான். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அங்கன்வாடித் தராசு எடை கூடியதாகக் காட்டும். மேல்கையில் நாடா சுற்றி அளந்தால்தான் மெலிவு தெரியும்.

நம்பிக்கை: முருங்கைக்கீரையும் வெயிலும் போதும்.

உண்மை: கீரை நல்லதுதான். ஆனால் அதிலுள்ள ஏ சத்து சேரவும் பித்தநீர் வேண்டும். வெயிலில் தோல் உண்டாக்கும் டி வைட்டமினைக் கல்லீரல்தான் அடுத்த நிலைக்கு மாற்ற வேண்டும். ஏ குறைந்தால் மாலைக்கண், டி குறைந்தால் எலும்பு வளைவு, ஈ குறைந்தால் நரம்புத் தளர்ச்சி, தள்ளாட்டம். எனவே இந்த வைட்டமின்களை மருந்தாகவே, வழக்கத்தைவிடக் கூடிய அளவில் தர வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வருவது உடல் சூடு.

உண்மை: கே வைட்டமின் குறைந்தால் ரத்தம் உறையாது. தடுப்பூசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூளையில் ரத்தம் கசியக்கூடும். கே வைட்டமின் ஊசி உயிரைக் காக்கும்.

நம்பிக்கை: சத்து மருந்து கூடுதலாகக் கொடுத்தால் கெடுதல் இல்லை.

உண்மை: ஏ வைட்டமின் மிகுந்தால் கல்லீரலையே கெடுக்கும். ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவத்துக்கு முன், பிள்ளையின் நோயைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையா? மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறதா? நாட்டு மருந்துக்கு நாள் கடத்தாமல், பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். பித்தக்குழாய் அடைப்புக்கான அறுவை சிகிச்சை பிறந்த 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். அங்கிருந்து திருச்சிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்பினால் தயங்காதீர்கள். வைட்டமின் மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.